விளாம்பழமும் கதிர்க்கட்டும்



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியர்களாகிய எங்களிடம், இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்ட பழைய மாணவர்கள் மாலை வேளையில் கணக்குப் புத்தகத்தோடு வருவதுண்டு. அப்படி வந்த ஒருவன் எக்ஸ், ஒய் என்னும் எழுத்துகளைச் சுட்டிக்காட்டி, "இது வெள்ளைக்காரன் கணக்கு சார், நமக்கெல்லாம் வராது" என்றான். கணக்கில் தேறாவிட்டாலும் பரவாயில்லை என்று அவன் மனத்தில் முடிவே செய்துவிட்டிருந்தான். அவனுக்குச் சொன்ன வரலாற்றையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

கி.பி. 9-ஆம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், கன்னட நாட்டில் மகாவீரர் என்னும் சமணக் கணித அறிஞர் வாழ்ந்தார். அவர் இயற்றிய நூல் 'கணிதசாரசங்கிரகம்'. இதனைச் சென்னையில் பேராசிரியர் ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912-இல் பதிப்பித்தார். அந்நூலில் ஒரு கணக்கு வருகிறது. 9 நாரத்தம்பழமும் 7 விளாம்பழமும் சேர்ந்து விலை 107. 7 நாரத்தம்பழமும் 9 விளாம்பழமும் சேர்ந்து விலை 101. ஒவ்வொன்றின் விலை என்ன?

தெரியாதவை இரண்டு, செய்திகளும் இரண்டு. மகாவீரர் கூறும் விதி இது: 107-ஐ 9-ஆல் பெருக்கினால் 963. 101-ஐ 7-ஆல் பெருக்கினால் 707. வேறுபாடு 256. அதனை 81-க்கும் 49-க்கும் உள்ள வேறுபாடாகிய 32-ஆல் வகுத்தால் 8. இதுவே நாரத்தம்பழத்தின் விலை. விளாம்பழத்தின் விலை 5.

இதைக் கேட்ட நம் மாணவன் சற்று யோசித்து, "இரண்டையும் கூட்டினால் வகைக்குப் பதினாறு பழம், விலை 208. அப்படியானால் ஒரு ஜோடி 13 தானே, சார்?" என்றான். விதியை விட எளிய வழி! எக்ஸும் ஒய்யும் இல்லாமலே பாதிக் கணக்கை முடித்துவிட்டான்.

தெரியாத எண்ணுக்கு எழுத்துதான் வேண்டும் என்பதில்லை. கி.பி. 628-இல் நூல் எழுதிய பிரம்மகுப்தர் காலந்தொட்டே வடமொழிக் கணிதத்தில் நிறப் பெயர்களை வைத்தார்கள். கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு என்று. குறை எண்ணை அவர் 'கடன்' என்றார். நிறை எண்ணை 'செல்வம்' என்றார். மளிகைக் கடையில் பற்று எழுதி வாங்கிய குடும்பத்துப் பிள்ளைக்குக் கடன் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

இனி, நம் அண்டை வீட்டாரிடம் வருவோம். இம்மலையில் நாம் கொழுந்து பறித்த காலத்திலேயே சீனர்கள் காய்கறித் தோட்டம் போட்டார்கள். அவர்களுடைய முன்னோரின் 'ஒன்பது அத்தியாயங்கள்' என்னும் கணித நூல் ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையுடையது. அதன் எட்டாம் அத்தியாயம் முழுவதும் இத்தகைய கணக்குகளே.

முதற் கணக்கில் உயர்தரம், நடுத்தரம், கீழ்த்தரம் என மூவகைத் தானியக் கதிர்க்கட்டுகள். முறையே 3, 2, 1 கட்டுகளில் கிடைக்கும் தானியம் 39 படி என்று வைத்துக்கொள்வோம். 2, 3, 1 கட்டுகளில் 34 படி. 1, 2, 3 கட்டுகளில் 26 படி. சீனர்கள் மூங்கில் குச்சிகளைப் பத்தி பத்தியாக அடுக்கினார்கள். இரண்டாம் பத்தியை மூன்றால் பெருக்கி, முதற் பத்தியை அதிலிருந்து இருமுறை கழித்தால் உயர்தரக் கட்டு மறைந்துவிடும். ஐந்து நடுத்தரமும் ஒரு கீழ்த்தரமும் 24 படி என்று நிற்கும். மூன்றாம் பத்தியிலும் இவ்வாறே நீக்கி, பின் நடுத்தரத்தையும் நீக்கினால் கீழ்த்தரக் கட்டு ஒன்றுக்கு 2¾ படி. பிறகு பின்னோக்கிச் சென்றால் நடுத்தரம் 4¼, உயர்தரம் 9¼. கி.பி. 263-இல் இந்நூலுக்கு உரை எழுதிய லியூ ஹுய், நிறைக்குச் சிவப்புக் குச்சி, குறைக்குக் கறுப்புக் குச்சி என்கிறார்.

ஐரோப்பாவில் 1707-இல் அச்சான நியூட்டனின் நூலில் இந்நீக்கல் முறை விளக்கப்பட்டது. ஜெர்மானியரான காஸ், பல்லாஸ் என்னும் சிறுகோளின் பாதையை ஆராய்கையில், ஆறு தெரியா எண்களை இவ்வகையில் ஒழுங்குபடுத்திக் கண்டார். இன்று இதற்குக் 'காஸ் நீக்கல்' என்று பெயர்; அப்பெயர் வழங்கத் தொடங்கியதோ 20-ஆம் நூற்றாண்டில்தான். காஸின் பெருமையில் நமக்கு ஐயமில்லை. பெயர் சூட்டியவர்களோடுதான் சிறு வழக்கு.

மறுநாள் அம்மாணவன் இரண்டு தோழர்களை அழைத்து வந்தான். ஒருவன் காய்கறித் தோட்டத்துச் சீனப் பையன். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைத் திண்ணையில் பத்தி பத்தியாக அடுக்கினார்கள். கறுப்புக் குச்சிக்கு அடுப்புக்கரி பூசியாயிற்று. சிவப்புக்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை. குச்சியை அப்படியே விட்டுவிட்டார்கள்.