ஜெர்மனியில் மேற்படிப்பு: பாதுகாப்பான, செலவு குறைந்த நகரத்தைத் தேர்வு செய்வது எப்படி?

புதுடெல்லி: ஜெர்மனியில் பயிலும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே முதலிடத்தில் உள்ளனர். 2023-24 குளிர்காலப் பருவத்தில் 49 ஆயிரத்துக்கும் அதிகமான இந்தியர்கள் அங்கு பயின்றனர். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பதே இதற்கு முக்கியக் காரணம். எனினும், கட்டணமின்றிப் படித்தாலும் கையிருப்பு போதுமா என்பதை முடிவு செய்வது, குடியேறும் நகரத்தின் வாடகைதான்.

விசா தொகை ஒன்று, வாடகை வேறு:

மாணவர் விசா பெற, 'பிளாக்டு அக்கவுண்ட்' எனப்படும் முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோ இருப்பு வைக்க வேண்டும் என்ற விதி 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்க இயலும். நாடு முழுமைக்கும் இந்தத் தொகை ஒன்றே.

ஆனால் 2024-25 குளிர்காலப் பருவத்தில், பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கான சராசரி வாடகை தேசிய அளவில் 489 யூரோவாகவும், மியூனிக் நகரில் 790 யூரோவாகவும் இருந்ததாக மோசஸ் மெண்டல்சோன் நிறுவனத்தின் ஆய்வு தெரிவித்தது. மாணவர்களுக்கான கட்டாய மருத்துவக் காப்பீட்டுக்கு மாதம் ஏறத்தாழ 140 யூரோ செலவாகும். இவ்விரண்டையும் கழித்தால், சராசரி வாடகை உள்ள நகரில் 363 யூரோ மிஞ்சும். மியூனிக்கில் மிஞ்சுவது 62 யூரோ மட்டுமே. உணவு, தொலைபேசி உள்ளிட்ட அனைத்தையும் அதற்குள் சமாளிப்பது இயலாத காரியம்.

கெம்னிட்ஸ், மாக்டெபர்க், இல்மெனாவ் போன்ற கிழக்குப் பகுதிப் பல்கலைக்கழக நகரங்களில் வாடகை கணிசமாகக் குறைவு. அதேவேளையில், ஸ்டுட்கார்ட் அமைந்துள்ள பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியம் சாராத மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம் வசூலிக்கப்படுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

குற்றப் புள்ளிவிவரத்தை வாசிக்கும் முறை:

ஜெர்மனியின் மத்தியக் குற்றவியல் காவல்துறை ஆண்டுதோறும் குற்றப் புள்ளிவிவரத்தை வெளியிடுகிறது. லட்சம் மக்களுக்கு எத்தனை குற்றங்கள் என நகரவாரியாக அதில் காணலாம். பெருநகரங்களில் குற்ற விகிதம் குறைந்தவற்றுள் மியூனிக் தொடர்ந்து இடம்பெறுகிறது. பாதுகாப்பில் முன்னிற்கும் நகரமே செலவிலும் முன்னிற்பதுதான் மாணவர்கள் எதிர்கொள்ளும் சிக்கல்.

எனினும், இந்த எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடுவது சரியாகாது. பிராங்பர்ட் விமான நிலையத்தில் பதிவாகும் வழக்குகள் அந்நகரின் கணக்கிலேயே சேர்கின்றன. பயணிகளும் வெளியூர்ப் பணியாளர்களும் திரளும் நகரங்களில் விகிதம் உயர்ந்து காணப்படும். சைக்கிள் திருட்டும் உடல்ரீதியான தாக்குதலும் ஒரே கூட்டுத்தொகையில் அடங்குவதால், குற்ற வகைகளைத் தனித்தனியே பார்ப்பது அவசியம்.

2024 டிசம்பர் 20 அன்று மாக்டெபர்க் கிறிஸ்துமஸ் சந்தையில் நிகழ்ந்த தாக்குதலில் இந்தியர்கள் 7 பேர் காயமடைந்தனர். இத்தகைய ஒற்றை நிகழ்வைக் கொண்டு ஒரு நகரத்தை ஒதுக்கிவிட முடியாது. குடியிருக்கும் பகுதி, இரவுநேரப் போக்குவரத்து, வெளிநாட்டினர் மீதான அணுகுமுறை ஆகியவற்றை அங்கு ஏற்கெனவே பயிலும் இந்திய மாணவர்களிடம், குறிப்பாக மாணவிகளிடம், கேட்டறிவது அதிகம் பயன்தரும்.

வீடு தேடும்போது கவனிக்க வேண்டியவை:

* 'கால்ட்மீத்தே' என்பது அடிப்படை வாடகை. வெப்பமூட்டல் உள்ளிட்ட செலவுகள் சேர்ந்தது 'வார்ம்மீத்தே'. ஒப்பிட வேண்டியது இரண்டாவது தொகையையே.

* வீட்டு முன்பணம் அடிப்படை வாடகையின் 3 மடங்கைத் தாண்டக்கூடாது. அதனை 3 மாதத் தவணைகளில் செலுத்தவும் சட்டம் அனுமதிக்கிறது.

* 50 ஆயிரத்துக்கும் அதிகமான மக்கள்தொகை கொண்ட நகரங்கள் 'மீட்ஷ்பீகல்' எனும் வாடகைக் குறியீட்டை வெளியிட வேண்டும். கேட்கப்படும் வாடகை நியாயமானதா என்பதை இதன்மூலம் சரிபார்க்கலாம்.

* வெளியூரில் இருப்பதாகவும், பணம் அனுப்பினால் சாவியை அஞ்சலில் அனுப்புவதாகவும் கூறுவோரிடம் எச்சரிக்கை தேவை. வீட்டையோ ஒப்பந்தத்தையோ பார்க்காமல் பணம் அனுப்பக்கூடாது.

* குடியேறிய 2 வாரங்களுக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு வீட்டு உரிமையாளரின் உறுதிக் கடிதம் தேவை. அதனைத் தர மறுப்பவரின் வீட்டைத் தவிர்ப்பதே நல்லது.

* மாணவர் நலச் சங்கங்களின் விடுதிகளில் வாடகை குறைவு. காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும் என்பதால், சேர்க்கைக் கடிதம் கிடைத்தவுடன் விண்ணப்பிக்க வேண்டும்.

செலவு மிகுந்த நகரில்தான் விரும்பிய பாடப்பிரிவு உள்ளது எனில், ரயில் வசதியுள்ள அருகமைச் சிற்றூரில் தங்குவது ஒரு மாற்று வழி. பல பல்கலைக்கழகங்களில் பருவக் கட்டணத்துடன் பயணச் சீட்டும் வழங்கப்படுவதால், அங்கு பயணச் செலவு குறையலாம்.

அவசர உதவிக்கு, காவல்துறையை 110 என்ற எண்ணிலும், ஆம்புலன்ஸ் மற்றும் தீயணைப்புத் துறையை 112 என்ற எண்ணிலும் அழைக்கலாம். இந்தியத் தூதரகம் பெர்லினிலும், துணைத் தூதரகங்கள் மியூனிக், பிராங்பர்ட், ஹாம்பர்க் நகரங்களிலும் இயங்குகின்றன.