பாவும் நாணும்

கானாடுகாத்தான் என்றால் அரண்மனை வீடுகளும் பர்மாத் தேக்குத் தூண்களும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அவ்வூரின் தறிகளை நினைப்பவர் குறைவு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையை நெய்யும் ஊர்களில் அதுவும் ஒன்று. பருத்தி நெசவில் பாதி வேலை பாவிலேயே இருக்கிறது. நூலுக்குக் கஞ்சி போட்டு, இழை பிரித்து, விறைப்பாக இழுத்துக் கட்டினால்தான் தறி ஓடும். பாவு தொய்ந்தால் நல்ல நூலும் வீண். அறுந்த தசைநாணைச் சீராக்க மருத்துவம் முயன்ற வரலாறும் இதே முடிவுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது: நார் மட்டும் போதாது, இழுவை வேண்டும்.

தசையை எலும்போடு பிணைக்கும் நாண் பெரும்பாலும் கொலாஜன் இழைகளால் ஆனது. இழுபடும் திசையிலேயே அவை பாவு நூல்போல வரிசையாக ஓடுகின்றன. செல்களும் ரத்த ஓட்டமும் அங்கே குறைவு. அதனால் காயம் தாமதமாக, இழைகள் தாறுமாறாகக் கிடக்கும் தழும்பாகவே ஆறுகிறது. புது நாணை வளர்க்க வழியில்லாதபோது, இருப்பதை இடம் மாற்றுவது கைகொடுத்தது. 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தபின், தொழுநோயால் மடங்கிய கைகளுக்கு அதைச் செய்தார். கையின் சிறு தசைகள் செயலிழந்தாலும் முன்கைத் தசைகள் பல வலுவோடு இருப்பதைக் கண்டு, அவற்றின் நாண்களை விரல்களுக்குத் திருப்பிவிட்டார். ஆனால் அறுவைச் சிகிச்சையோடு வேலை முடியவில்லை. இடம் மாறிய நாணைப் புது வேலைக்குப் பழக்க வாரக்கணக்கில் பயிற்சி தேவைப்பட்டது.

அந்தப் பயிற்சியைச் செல் அளவுக்குக் கொண்டு செல்லும் முயற்சிதான் காந்த முறை. போர்ச்சுகலின் மினோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மாவுச்சத்தோடு ஒரு பாலிமரையும் இரும்பு ஆக்சைடு நுண்துகள்களையும் சேர்த்து ஒரு தாங்குசட்டம் செய்தார்கள். மனிதக் கொழுப்பிலிருந்து பிரித்த ஸ்டெம் செல்களை அதில் வளர்த்தார்கள். வெளியே காந்தப்புலம் மாறும்போது துகள்கள் அசைகின்றன. ஒட்டியிருக்கும் செல் அதை இழுவையாக உணர்ந்து, நாணுக்குரிய புரதங்களை உருவாக்கத் தொடங்குகிறது. சட்டத்திலுள்ள மாவுச்சத்து வழியே நெசவாளரின் கஞ்சிக்கு இங்கேயும் ஒரு தூரத்து உறவு இருக்கிறது.

உடற்பயிற்சியே இழுவை தருமே, காந்தம் எதற்கு என்று கேட்கலாம். புதிதாகத் தைத்த நாண் முழுச் சுமை ஏறினால் பிய்ந்துவிடும். அசைக்காமலே வைத்தால் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொள்ளும். மூட்டின்மேல் சுமை ஏற்றாமல் செல்லுக்கு மட்டும் சிறு இழுவை தருவதே காந்தத்தின் பயன். ஆய்வகத்தில் நடந்தது மனித உடலில் நடக்குமா என்ற ஐயம் அந்தக் கேள்வியைவிட வலுவானது. அதற்கு ஆய்வுகள்தான் பதில் சொல்ல வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்கள், ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை போன்றவற்றைத் தவிர மற்றவற்றை ஆய்வாகவே செய்ய வேண்டும் என்கின்றன. ஆகவே நாண் வலிக்கு ஸ்டெம் செல் ஊசி போடுகிறேன் என்று யாராவது சொன்னால், விலையைக் கேட்பதற்கு முன், பதிவு செய்த ஆய்வா என்று கேளுங்கள்.