கருவுறு நாட்களை உடற்குறிகளால் அறிதல்

மாதவிலக்குத் தேதிகள், விடியற்காலை உடல் வெப்பம், கருப்பை வாய்ச் சளியின் தன்மை ஆகியவற்றைக் குறித்து வைத்து, கரு உண்டாகக்கூடிய நாட்களைக் கணிக்கும் முறை இது. குழந்தை வேண்டுவோரும், தள்ளிப்போட நினைப்போரும் இதைப் பின்பற்றுகின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருத்துவர் பலர் விலக்கை ஒட்டிய நாட்களிலேயே கரு தங்கும் என்றும், இடைப்பட்ட நாட்களில் பயமில்லை என்றும் கருதினர். சினைக்கு வரும் நாய்க்கு இரத்தம் கசிவதைப் பார்த்து எழுந்த எண்ணம் அது. உண்மை பெரும்பாலும் நேர்மாறு. மருத்துவர் பேச்சைத் தட்டாதவர்களே அதிகம் ஏமாந்திருக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர்களுள் முதன்மையானவர் ஜப்பானின் நீகாட்டா நகர மகப்பேறு மருத்துவர் கியூசாகு ஒகினோ. அறுவைச் சிகிச்சையின்போது பெண்களின் சூலகங்களை நேரில் கண்டு, அவரவர் விலக்கான தேதிகளோடு ஒப்பிட்டார். எல்லோரும் கடந்த விலக்கிலிருந்து முன்னோக்கி எண்ண, அவர் அடுத்த விலக்கிலிருந்து பின்னோக்கி எண்ணினார். அதற்கு 12 முதல் 16 நாட்களுக்கு முன் கருமுட்டை வெளிப்படுகிறது என்று 1924இல் எழுதினார். ஆஸ்திரியாவின் ஹெர்மன் க்னாஸும் அதே பத்தாண்டில் தனியே ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தார். சிக்கல் என்னவென்றால், அடுத்த விலக்கு என்று வரும் என்பது முன்கூட்டித் தெரியாது. பழைய தேதிகளைக் கொண்டு ஊகிக்கத்தான் முடியும். ஆகவே கருத்தடைக்கு இதை நம்பக்கூடாது என்றார் ஒகினோ. உலகம் கேட்கவில்லை, அந்தக் கருத்தடை முறைக்கே அவர் பெயரை வைத்தது. 1950களின் தொடக்கத்தில் இந்திய அரசும் உலக சுகாதார நிறுவன உதவியோடு டெல்லியிலும் மைசூர் மாநிலத்து ராமநகரத்திலும் நாள் கணக்கு முறையைச் சோதித்தது. எண்ணுவதற்கு வண்ண மணிமாலைகூடக் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை.

கருமுட்டை வெளிவந்தபின் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் உடல் வெப்பத்தைச் சற்றே, 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்துகிறது. ஆனால் வெப்பமானி சொல்வது நடந்து முடிந்த செய்தியை, வரப்போவதை அல்ல.

வரப்போவதைச் சொல்லும் குறி சளிதான். மெல்போர்னில் 1953இல் ஜான் பில்லிங்ஸ் தொடங்கிய ஆய்வில் மனைவி ஈவ்லினும் இணைந்தார், இருவரும் மருத்துவர்கள். கருமுட்டை வெளிப்படும் நாள் நெருங்க நெருங்க, சளி தெளிந்து, வழுவழுப்பாகி, முட்டையின் வெள்ளைக்கரு போல இழுபடுவதைப் பெண்களின் குறிப்புகளிலிருந்தே வகைப்படுத்தினர். பெங்களூர் உட்பட ஐந்து இடங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய சோதனையில், 93 விழுக்காட்டுப் பெண்கள் இம்மாற்றத்தைப் பிரித்தறிந்து பதிவு செய்தனர். எழுத்தறிவின்மை இதற்குத் தடையாக இல்லை.

கருவுறும் காலம், கருமுட்டை வெளிப்படும் நாளோடு முடியும் ஆறு நாட்களே என்று 1995இல் அமெரிக்காவின் ஆலன் வில்காக்ஸ் குழு காட்டியது. விந்தணு ஐந்து நாள் வரை உயிர் வாழ்வதும், கருமுட்டை ஒரு நாளுக்குள் செயலிழப்பதுமே காரணம். இன்றைய கைபேசிச் செயலிகளில் பல, தேதிகளை மட்டும் வைத்துக் கணிக்கின்றன. ஒகினோ எச்சரித்த குறை அவற்றுக்கும் உண்டு. விலக்கு ஒழுங்கற்றவர்களும் பாலூட்டும் தாய்மாரும், பயிற்சி பெற்ற ஒருவரிடம் கற்காமல், கருத்தடைக்கு இம்முறையை மட்டும் நம்பக்கூடாது.