மஹ்மூத் கவான்: முத்திரையும் அமானிதமும்

அரியணை ஏறியோரின் வரலாறு நம்மிடம் ஏராளமாக உள்ளது. அரியணைக்கு அருகில் நின்று கணக்கையும் நிலத்தையும் நீதியையும் சீர்செய்தோரின் வரலாற்றை நாம் அந்த அளவுக்குப் பயின்றதில்லை. நாட்டை நடத்தும் பணி ஓர் அமானிதம் என்பதை வாழ்ந்து காட்டிய அத்தகையோருள், பஹ்மனி அரசின் வஸீர் மஹ்மூத் கவான் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர்.

ஈரானின் கீலான் பகுதியில் 1411-இல் பிறந்த அன்னார், 1453-ஆம் ஆண்டளவில் ஒரு வணிகராகவே தக்காணக் கரையில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 40-ஐக் கடந்திருந்தது. பஹ்மனியரின் தலைநகராகிய பீதரில் அவருடைய கல்வியும் நிதானமும் கவனத்தை ஈர்த்தன. அலாவுத்தீன் அஹ்மத், ஹுமாயூன் ஷா ஆகிய இரு ஸுல்தான்களிடம் பணியாற்றினார். 1461-இல் சிறுவர் நிஜாம் ஷா அரியணையேறியபோது, அரசியன்னையுடன் ஆட்சியை நடத்திய குழுவில் ஒருவரானார். 1466 முதல், மூன்றாம் முஹம்மத் ஷாவின் தலைமை வஸீராக விளங்கினார். அக்காலத்தில் பீதருக்கு வந்த ரஷ்ய வணிகர் அஃபனாசி நிகித்தின், வணிகர் தலைவர் எனப் பொருள்படும் ‘மலிக்குத் துஜ்ஜார்’ என்னும் பட்டப்பெயராலேயே இவரைத் தம் பயணக் குறிப்பில் சுட்டுகிறார்.

1472-இல் கோவாவைக் கைப்பற்றியது அவருடைய படைத் தலைமைக்குச் சான்று. ஆயினும் அவருடைய தனிச்சிறப்பு போர்க்களத்தில் இல்லை, நிர்வாகத்தில்தான் இருந்தது. அரசு அதுவரை நான்கு பெரும் மாகாணங்களாக இருந்தது. ஒவ்வொன்றையும் ஆண்ட தரஃப்தார், தம் எல்லையில் ஏறத்தாழ ஒரு குறுநில மன்னராகவே நடந்துகொண்டார். கவான் அவற்றை எட்டாகப் பிரித்தார். ஒரு தரஃப்தாரின் பொறுப்பில் ஒரு கோட்டையை மட்டும் விட்டு, ஏனைய கோட்டைகளுக்குத் தளபதிகளை மையத்திலிருந்தே நியமித்தார். ஒவ்வொரு மாகாணத்திலும் சில நிலப்பகுதிகளை அரசின் நேரடி வருவாய்க்கென ஒதுக்கினார். நிலத்தை அளந்து வரியை வரையறுக்கச் செய்தார். குறிப்பிட்ட எண்ணிக்கையில் வீரர்களை வைத்திருப்பதாகக் கூறிப் பணம் பெற்ற பிரபு, அந்த எண்ணிக்கையைக் காட்ட இயலாவிடில், குறைந்த வீரர்களுக்குரிய தொகையைத் திருப்பிச் செலுத்த வேண்டியவரானார்.

இச்சீர்திருத்தங்கள் யாவற்றிலும் ஒரே கொள்கை இழையோடுவதைக் காண்கிறோம். அதிகாரம் பெற்றவர் யாராயினும் அவர் கணக்குக் காட்ட வேண்டும் என்பதே அது. அரசவையில் தக்காணியர் என்றும் ஆஃபாக்கியர் எனப்பட்ட வெளிநாட்டினர் என்றும் இரு கட்சிகள் பகைத்து நின்றன. தாம் வெளிநாட்டவராயினும், கவான் மாகாணப் பொறுப்புகளை இரு சாராருக்கும் பகிர்ந்தளித்தார். ஆயினும் அதிகாரம் குறைக்கப்பட்டோரின் மனக்கசப்பை அந்தச் சமநிலை தணிக்கவில்லை.

கல்வியையும் அவர் அரசுப் பணியின் ஓர் அங்கமாகவே கருதினார். 1472-இல் பீதரில் அவர் எழுப்பிய மத்ரஸாவில் வகுப்பறைகள், பள்ளிவாசல், நூலகம், ஆசிரியரும் மாணவரும் தங்கும் அறைகள் ஆகிய அனைத்தும் அமைந்திருந்தன. 1696-இல் ஒரு வெடிவிபத்தில் அதன் பெரும்பகுதி சிதைந்தது. எஞ்சிய மினாராவும் வண்ண ஓடுகளும் அதன் பழஞ்சிறப்பை இன்றும் உணர்த்துகின்றன. அவருடைய கடிதங்களின் தொகுப்பான ‘ரியாழுல் இன்ஷா’ அவர் தேர்ந்த எழுத்தாளர் என்பதையும் காட்டுகிறது.

இத்தகைய ஒருவரை வீழ்த்தியது ஒரு தாள். எதிரிகள் அவருடைய முத்திரைக்குப் பொறுப்பாயிருந்த அடிமையை வசப்படுத்தி, வெற்றுத் தாளொன்றில் முத்திரை பதிக்கச் செய்தனர். பின்னர் ஒரிஸ்ஸா மன்னரைப் படையெடுத்து வரும்படி வஸீரே அழைப்பதுபோல் அதில் ஒரு கடிதத்தை எழுதி நிரப்பினர். 1481-இல் காஞ்சிபுரம் வரை சென்று கோயிற்செல்வத்தைக் கொள்ளையிட்டுத் திரும்பியிருந்த ஸுல்தானின் கையில் அது சேர்க்கப்பட்டது. முத்திரை தம்முடையதே, கடிதம் தம்முடையதன்று என்றார் கவான். விசாரணை ஏதும் நிகழவில்லை. அவ்வாண்டு ஏப்ரல் 5 அன்று, 70 வயதை எட்டியிருந்த அந்த வஸீர் கொல்லப்பட்டார். அவருடைய கருவூலத்தைத் திறந்தபோது பெருஞ்செல்வத்தை எதிர்பார்த்தோர் ஏமாந்தனர் என வரலாற்றாசிரியர் ஃபிரிஷ்தா எழுதுகிறார். சொந்தச் செலவுக்கு அவர் நம்பியிருந்தது தம் வணிக வருவாயை என்பதும், மிஞ்சியதை ஏழைகளுக்கு வழங்கி வந்தார் என்பதும் அப்போதுதான் ஸுல்தானுக்குத் தெரியவந்தன.

இக்கொலைக்குக் கட்சிப் பகையே காரணம் எனக் கூறி முடித்துவிடுவது வழக்கம். அது பாதி உண்மையே. பகை எல்லா அரசவைகளிலும் உண்டு. அந்தப் பகை ஒரே நாளில் ஓர் உயிரைக் குடிப்பதற்கு வழி இருந்தது என்பதையே நாம் நோக்க வேண்டும். பிரபுக்களின் கோட்டைக்கும் படைக்கும் நிலத்துக்கும் விதி வகுத்த அரசில், குற்றஞ்சாட்டப்பட்ட அதிகாரியை விசாரிப்பதற்கு ஸுல்தானையும் கட்டுப்படுத்தும் விதி ஒன்றும் இல்லை. ஒருவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரித்த பின்னரே செயற்பட வேண்டும் என்று திருக்குர்ஆன் கற்பித்த நெறி, அந்த அரசவையில் எவர் நினைவிலும் எழவில்லை.

விலையை நாடே செலுத்தியது. மறு ஆண்டே ஸுல்தான் இறந்தார். சதியில் முன்னின்ற மலிக் ஹஸன் 1486-இல் தாமும் கொல்லப்பட்டார். கவானின் ஆதரவில் வளர்ந்த யூஸுஃப் ஆதில் கான் பீஜப்பூரிலும், மலிக் ஹஸனின் மகன் அஹ்மத் நகரிலும் தனியாட்சி கண்டனர். சில பத்தாண்டுகளுக்குள் பஹ்மனி அரசு ஐந்தாக உடைந்தது. கவான் கட்டுப்படுத்த முயன்ற மாகாணத் தலைவர்களின் வழியிலேயே அந்த உடைப்பு நேர்ந்தது.

நம் இளைஞர்கள் ஆட்சிப் பணிக்குச் செல்ல வேண்டும் என்று நாம் மேடைதோறும் விரும்புகிறோம். திறமையும் நேர்மையும் அவர்களுக்கு வேண்டும். கவானிடம் இரண்டும் இருந்தன. நேர்மையான அதிகாரியைப் பொய்ப் பழியிலிருந்து காக்கும் விசாரணை முறையும், அம்முறைக்கு ஆட்சியாளரும் கட்டுப்படும் வழக்கமும் அவற்றோடு வேண்டும். அவற்றைக் கோருவதும் காப்பதும் அதிகாரியின் கடமை மட்டுமன்று, அவருடைய பணியால் பயன்பெறும் சமுதாயத்தின் கடமையுமாகும்.