நான்கு அறைகளும் ஒரு கன்னமும்

சித்தி மகள் கல்யாணத்துக்காகத்தான் முதன்முதலில் பிளஷ் வாங்கினேன். "உங்க கலருக்கு பேபி பிங்க் போடுங்கக்கா, பளிச்சுனு இருக்கும்" என்றாள் கடையில் இருந்த பெண். அவளும் என் நிறம்தான். மண்டபத்தில் பெரியம்மா என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "என்னடி இது, கன்னத்துல விபூதி பூசிட்டு வந்திருக்க?"

கழுவிவிட்டு வந்து பந்தியில் உட்கார்ந்தேன். 'உங்க கலருக்கு' என்ற சொல் மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. அது எங்கிருந்து கிளம்பியது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1758இல் பிரான்சுவா பூஷே வரைந்த ஓவியம் ஒன்றில், பதினைந்தாம் லூயியின் காதலியான மதாம் த பொம்படூர் கண்ணாடி முன் அமர்ந்திருக்கிறார். கையில் பிரஷ், அதன் நுனியில் ரூஜ். அன்றைய பிரெஞ்சு அரசவைப் பெண்கள் முகத்துக்கு வெள்ளை பூசி, அதன்மேல் அடர்சிவப்பைத் தீற்றிக்கொண்டார்கள். அந்தச் சிவப்பு அந்தஸ்தின் அடையாளம். சொந்தத் தோலுக்கு அது பொருந்துகிறதா என்று யாருக்கும் கவலையில்லை. தோலைத்தான் மறைத்தாகிவிட்டதே!

பொருத்தம் பார்ப்பதைப் பெரிய வியாபாரமாக்கியவர்களில் முக்கியமானவர் மேக்ஸ் ஃபேக்டர். போலந்தில் பிறந்து அமெரிக்கா போன விக் தயாரிப்பாளர். 1935இல் ஹாலிவுட்டில் அவர் திறந்த ஒப்பனைக்கூடத்தில் நான்கு அறைகள்: பொன்னிறக் கூந்தலுக்கு ஒன்று, செம்பட்டைக்கு ஒன்று, கருங்கூந்தலுக்கு ஒன்று, இளம்பழுப்புக் கூந்தலுக்கு ஒன்று. அந்தந்தப் பெண்களை எடுப்பாகக் காட்டும் நிறத்தில் சுவர்கள். கருங்கூந்தல் அறைக்கு மங்கிய பிங்க். சிரிப்பு வந்தது. என் முடிக்கு அங்கே ஓர் அறை உண்டு. என் தோலுக்குக் கிடையாது. தோல் என்றால் வெள்ளைத் தோல் என்பது அங்கே சொல்லாமலே முடிவான விஷயம்.

1940களில் கறுப்பினப் பாடகியும் நடிகையுமான லீனா ஹார்னுக்காக அவருடைய ஸ்டுடியோ 'லைட் எஜிப்ஷியன்' என்றொரு ஒப்பனை நிறத்தை உருவாக்க வைத்தது. பிறகு அதே நிறத்தைப் பூசி, அவர் நடித்திருக்க வேண்டிய பாத்திரங்களில் வெள்ளை நடிகைகளை நடிக்க வைத்தார்கள் என்று ஹார்ன் பின்னாளில் சொன்னார். நிறம் கிடைத்தது, வேஷம் கைவிட்டுப் போனது.

சிகாகோவில் யூனிஸ் ஜான்சன் நடத்திய ஃபேஷன் ஷோக்களில் கறுப்பின மாடல்கள் தங்களுக்கேற்ற நிறம் கடையில் கிடைக்காமல் தாங்களே கலந்து பூசிக்கொண்டார்கள். அதைப் பார்த்த அவரும் கணவரும் பெரிய கம்பெனிகளிடம் பேசிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. 1973இல் 'ஃபேஷன் ஃபேர்' என்ற பெயரில் தாங்களே தொடங்கினார்கள்.

இப்போது எனக்கு விபூதி ரகசியம் புரிகிறது. வெளிர் பிங்க்கில் டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற வெள்ளை நிறமி அதிகம் இருக்கும். கறுத்த தோலில் சிவப்பு அடங்கி, வெள்ளை மேலே சாம்பலாகத் தெரியும். நமக்குச் செங்கல் சிவப்பு, அடர் ஆரஞ்சு, நாவல்பழ நிறம் எடுக்கும். டப்பாவில் பார்த்தால் பயமாக இருக்கும். கொஞ்சமாகத் தொட்டுக் கன்னத்தில் தடவி, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

போன வாரம் செங்கல் சிவப்பு போட்டுக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்தி உற்றுப் பார்த்தார்.

"ஏண்டி, வெயில்லயா நடந்து வந்த? உள்ள வா, மோர் தரேன்."