பள்ளி இடைநீக்கம் (அமெரிக்கா)

பிழை செய்த மாணவனைச் சில தினங்கள் பள்ளிக்கு வராதபடி விலக்கிவைக்கும் தண்டனை. ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் விசாரணையின்றி விலக்கப்பட்ட மாணவர்கள் தொடுத்த வழக்கில், குற்றச்சாட்டை அறிவித்து, அவர்தம் சமாதானத்தையும் கேட்ட பின்னரே பொதுவாக விலக்குதல் வேண்டுமென அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1975இல், நால்வர் மறுக்க ஐவர் இசைந்து, தீர்ப்பளித்தது. எனினும், 1990களில் ஓங்கிய கடுமை அற்பக் குறும்புகளையும் பற்றிக்கொள்ள, கறுப்பினச் சிறுவர்கள் தம் தொகைக்கு மிஞ்சிய அளவில் வெளியேற்றப்பட்டமை பெரும் அநியாயமே. கீழ்ப்படியாமைக்காக விலக்கும் வழக்கத்தை லாஸ் ஏஞ்சலிஸ் 2013இல் கைவிட்டது. ஓக்லந்து நகரப் பள்ளிகளிலோ, விலக்குவதற்கு மாறாக, தீங்கிழைத்தவனும் அதனால் வருந்தியவனும் ஆசிரியரும் நாற்காலிகளை வட்டமாக இட்டு அமர்கின்றனர். கைமாறி வரும் ஒரு சிறு பொருளை ஏந்தியவர் மட்டுமே பேச, ஏனையோர் மௌனமாய்ச் செவிசாய்க்க, பரிகாரம் யாதென்பதை அவர்களே கூடி நிர்ணயிக்கின்றனர்.