டாம் டைலரும் அமெரிக்கத் தொடர்படங்களும்

சித்திரக்கதை இதழ்களில் பிறந்த பேராற்றல் நாயகர்கள் இன்று உலகத் திரைத்தொழிலில் பெரும் இடத்தைப் பிடித்திருந்தாலும், அத்தகைய நாயகன் ஒருவனை முதன்முதலில் திரையில் ஏற்று நடித்த டாம் டைலரின் பெயர் அவர் பிறந்த அமெரிக்காவிலேயே பலருக்குத் தெரியாது. அவர் உழைத்த களம் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட தொடர்படங்களும் குதிரைவீரர் படங்களுமாக இருந்ததும், அவற்றைச் சிறுவர்களுக்கான மலிவுப் பொழுதுபோக்கு என்று விமர்சகர்கள் ஒதுக்கியதுமே இதற்கு முதன்மையான காரணங்கள்.

தொடர்படம் என்பது ஒரே கதையைப் பத்து முதல் பதினைந்து அத்தியாயங்களாகப் பகுத்து, வாரத்துக்கு ஓர் அத்தியாயமாகத் திரையரங்குகளில் காட்டும் முறையாகும். முதல் அத்தியாயம் சற்று நீண்டும், மற்றவை பதினைந்து முதல் இருபது நிமிடங்கள் வரையிலும் அமையும். ஒவ்வோர் அத்தியாயமும் நாயகன் உயிராபத்தில் சிக்கும் கணத்தில் முடிந்து, அவன் தப்பிய வகையை அறிய அடுத்த சனிக்கிழமை மதியக் காட்சிக்குச் சிறுவர்களைத் திரும்ப வரவழைக்கும். செலவை அடக்குவதற்காகப் பழைய படங்களின் காட்சித் துண்டுகளும் வேறு படங்களுக்கு அமைத்த அரங்குகளும் மீண்டும் பயன்படுத்தப்பட்டதால், நடிகரின் உடல்வலிமையும் விரைந்து நடித்து முடிக்கும் திறனுமே இவ்வகைப் படங்களுக்கு மூலதனமாக இருந்தன.

அந்த மூலதனம் டைலரிடம் நிறையவே இருந்தது. வின்சென்ட் மார்க்கோவ்ஸ்கி என்னும் இயற்பெயருடன், லிதுவேனிய வழிவந்த குடும்பத்தில், நியூயார்க் மாநிலத்தின் போர்ட் ஹென்றி என்ற இரும்புச் சுரங்க ஊரில் 1903 ஆகஸ்ட் 9 அன்று அவர் பிறந்தார். பின்னர் குடும்பம் மோட்டார் தொழிற்சாலைகள் நிறைந்த மிச்சிகன் மாநிலத்து ஹாம்ட்ராம்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. எடைதூக்குவதில் வல்லவரான அந்த இளைஞர் கலிபோர்னியாவுக்குச் சென்று, துணை நடிகராகச் சில காலம் இருந்தபின், 1925இல் எஃப்.பி.ஓ. என்னும் சிறு ஸ்டுடியோவில் கதாநாயகனாகி, பேசாப் படக் காலத்தில் அந்நிறுவனத்தின் குதிரைவீரர் படங்களில் தொடர்ந்து நடித்தார்.

பேசும் படம் வந்தபோது, சாகச நடிகர்கள் பலருக்கும் போலவே அவருக்கும் பெரிய ஸ்டுடியோக்களில் இடம் கிடைக்கவில்லை. எனவே 1931இல் மாஸ்கட் நிறுவனத்தின் பத்து அத்தியாயத் தொடரான ‘தி பாண்டம் ஆஃப் தி வெஸ்ட்’ வழியாகத் தொடர்படத்துக்குள் நுழைந்து, 1933 முடிவதற்குள் யுனிவர்சல் நிறுவனத்துக்கு நான்கு தொடர்களை நடித்துக் கொடுத்தார். மாட்டுப்பண்ணை வெளிகளிலும் காட்டிலும் வானூர்தியிலும் நடந்த அக்கதைகளில் அவருக்கு அமைந்தவை உரையாடலைவிடச் செயலே மிகுந்த பாத்திரங்கள். சொல்லின்றி உடலாலும் பார்வையாலும் அச்சத்தை உண்டாக்கும் அவருடைய ஆற்றலைச் சில இயக்குநர்கள் சரியாகவே கண்டுகொண்டனர். 1939இல் வெளிவந்த ஜான் ஃபோர்டின் ‘ஸ்டேஜ்கோச்’ படத்தில், துப்பாக்கிச் சண்டைக்குப் பின் மதுக்கூடத்துக்குள் நிமிர்ந்து நடந்துவந்து, வென்றவன் இவனே என்று பார்வையாளர் எண்ணும் நொடியில் உயிரற்றுச் சாயும் லூக் பிளம்மரும், 1940இல் ‘தி மம்மீஸ் ஹேண்ட்’ படத்தில் பேச்சே இல்லாத காரிஸ் என்னும் எகிப்திய மம்மியும் அதற்குச் சான்றுகள்.

இந்தத் திறன் முழுமையாகப் பயன்பட்டது, ரிபப்ளிக் நிறுவனம் 1941இல் வெளியிட்ட ‘அட்வென்ச்சர்ஸ் ஆஃப் கேப்டன் மார்வெல்’ என்னும் பன்னிரண்டு அத்தியாயத் தொடரில்தான். முதலில் சூப்பர்மேனைப் படமாக்க விரும்பிய ரிபப்ளிக், அதற்கான உரிமை கிடைக்காமல் போனபின், ஃபாசெட் பதிப்பகத்தின் கேப்டன் மார்வெலை நாடியது. வில்லியம் விட்னியும் ஜான் இங்கிலிஷும் இயக்கிய இத்தொடரில், பில்லி பேட்சன் என்ற இளைஞனாக ஃபிராங்க் காக்லன் நடிக்க, அவன் மந்திரச்சொல் உரைத்ததும் தோன்றும் வீரனாக டைலர் நடித்தார். பாய்ந்தும் குதித்தும் செய்யும் அருஞ்செயல்களை டூப், அதாவது நடிகருக்கு மாற்றாக ஆபத்தான காட்சிகளில் தோன்றும் கலைஞர், டேவிட் ஷார்ப் நிகழ்த்தினார். பறக்கும் காட்சிகளுக்காகத் தந்திரக்காட்சி வல்லுநர்களான லிடெக்கர் சகோதரர்கள் ஆளுயரத்தைச் சற்றே விஞ்சிய காகிதக்கூழ் பொம்மை ஒன்றைச் செய்து, உயரத்திலிருந்து தாழ்வாக இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பிகளில் அதைச் சறுக்கவிட்டுப் படம்பிடித்தனர். இவ்வாறு மூன்று உடல்கள் சேர்ந்து உருவான ஒரே நாயகனுக்கு முகத்தையும் தோளையும் கம்பீரத்தையும் தந்தவர் டைலர். குண்டுகள் பட்டுத் தெறிக்கும் மார்பை முன்னிறுத்தி, புன்னகையின்றி எதிரிகளை நெருங்கும் அவருடைய நடையே நம்பவியலாத அக்கதையை நம்பவைத்தது.

1943இல் கொலம்பியா நிறுவனத்துக்காக பி. ரீவ்ஸ் ஈசன் இயக்கிய பதினைந்து அத்தியாயங்கள் கொண்ட ‘தி பாண்டம்’ தொடரில், லீ ஃபால்க் படைத்த முகமூடி வீரனாக டைலர் தோன்றினார். தமிழ்ச் சித்திரக்கதை வாசகர்கள் மாயாவி என்ற பெயரில் பிற்காலத்தில் அறிந்துகொண்ட நாயகன் இவனே. சித்திரக்கதையில் வரையப்பட்ட உருவத்தோடு டைலரின் உடலமைப்பு மிக நெருங்கிப் பொருந்தியதால், அப்பாத்திரத்துக்கு அவரைவிடத் தகுந்தவர் இல்லை என்று தொடர்பட ஆர்வலர்கள் கருதுகின்றனர்.

ஆனால் ஏறத்தாழ அதே காலத்தில் கடுமையான மூட்டுவாத நோய் அவரைப் பற்றியது. உடலையே தொழிலாகக் கொண்டவருக்கு அது தொழிலையே பறிக்கும் நோயாக அமைந்தது. அதன்பின் ‘ரெட் ரிவர்’, ‘ஷி வோர் எ யெல்லோ ரிப்பன்’ போன்ற படங்களில் சிறு வேடங்களே கிடைக்க, இறுதியில் ஹாம்ட்ராம்க் திரும்பி, 1954 மே மாதத்தில் தம் ஐம்பதாம் வயதில் காலமானார். மறு ஆண்டு கொலம்பியா வெளியிட்ட ‘கேப்டன் ஆப்பிரிக்கா’ தொடரில், பழைய ‘பாண்டம்’ காட்சித் துண்டுகள் வேறொரு நாயகனின் கதைக்குள் ஒட்டிச் சேர்க்கப்பட்டன. 1956இல் அமெரிக்கத் திரையரங்குத் தொடர்படமே முடிவுக்கு வந்தது.

டைலரைப் பெரும் நடிகர் என்று நிறுவத் தேவையில்லை. குறுகிய நாட்களில், குறைந்த ஊதியச் சூழலில், டூப் கலைஞர்களோடும் தந்திரக்காட்சி வல்லுநர்களோடும் இணைந்து அவர் அமைத்துக் கொடுத்த உருவத்தின்மேல்தான் பின்வந்த பேராற்றல் நாயகர் படங்கள் எழுந்தன. திரை வரலாற்றைப் பெரிய ஸ்டுடியோக்களின் வரலாறாக மட்டும் எழுதும்வரை இந்த உழைப்பு கணக்கில் வராது. அவ்வரலாறு நேர்மையாக எழுதப்பட வேண்டுமாயின், மலிவுப் படங்களில் தம் உடலைச் செலவிட்ட டைலரைப் போன்ற தொழிலாளர்களுக்கு அதன் முதல் அத்தியாயத்திலேயே இடம் தரப்பட வேண்டும்.